அழுதாலும் கொடுக்கக் கூடாத எண்

மருத்துவ மாணவர்கள் அவளை ‘கேள்வி அக்கா’ என்றுதான் அறிவார்கள். படிப்பை முடித்து ஓராண்டுப் பயிற்சியில் இருந்தாள். தினமும் காலை ஆறு மணிக்குச் சமூக வலைத்தளத்தில் அவள் பக்கத்தில் ஒரு கேள்வி வரும், கீழேயே விடையும் இருக்கும். ஞாயிறு மதியம் ஒரே மூச்சில் ஏழு நாளுக்கும் எழுதி, நேரம் குறித்துவிடுவாள். அவள் வார்டில் இரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கம் தன்பாட்டுக்கு நடக்கும்.

கைபேசிக்கும் கடிவாளம் போட்டிருந்தாள். மாலை ஏழிலிருந்து இருபது நிமிடம் மட்டுமே அந்தத் தளம் திறக்கும். மற்ற நேரத்தில் திறக்க நான்கு இலக்க எண் வேண்டும். அந்த எண் அறைத்தோழிக்கு மட்டுமே தெரியும். “நான் அழுதாலும் குடுக்காதடி” என்று சத்தியமே வாங்கியிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு வார்டு சிஸ்டர் ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்டார்: “டாக்டர், இன்னைக்கு உங்க கேள்வியில வந்திருக்கே ஈசிஜி, அது நம்ம எட்டாம் படுக்கைக்காரரோடதுதானே?”

“ஆமா சிஸ்டர். அவர்கிட்ட கேட்டுட்டு, பேரை மறைச்சுத்தான் போட்டேன்.”

“அதில்ல. அதை நான் அன்னைக்கே மறுபடி எடுத்தேனே! நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. ரெண்டு கை வயரும் இடம் மாறியிருந்துச்சு. பெரிய டாக்டர் பாத்துட்டு, நார்மல்னு வீட்டுக்கு அனுப்பிட்டார்.”

வயரை மாட்டியவள் அவளேதான். ‘இதயம் வலப்பக்கம் இருக்கும் அபூர்வ நிலை’ என்று விடை எழுதியவளும் அவள்தான். உண்மையிலேயே இதயம் வலப்பக்கம் இருந்தால், நெஞ்சில் ஒட்டும் ஆறு வயர்களில் இடது ஓரத்துக்குப் போகப் போக அலைகள் சிறுத்துவிடும். அந்தத் தாளில் அவை சிறுக்கவே இல்லை. முதல் வரியில் அலைகள் தலைகீழாக இருந்ததைப் பார்த்த குஷியில் அவள் மிச்சத்தைப் பார்க்கவில்லை.

மணியைப் பார்த்தாள். அன்று இரண்டு மணிக்கு எல்லாக் கல்லூரிகளிலும் இறுதியாண்டு மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. ‘கேட்க வாய்ப்புண்டு, சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று வேறு எழுதித் தொலைத்திருந்தாள்.

கைபேசியை எடுத்தாள். எண் கேட்டது. அறைத்தோழியோ காலை ஒன்பதிலிருந்து அறுவை அரங்கில் கையுறையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“என் போன்ல எழுதுங்களேன்” என்றார் சிஸ்டர்.

தன் கணக்கின் கடவுச்சொல் அவளுக்கு நினைவில்லை. ரோஜாப்பூ படமும் ‘நர்ஸ்’ என்ற அறிமுகமும் போட்ட சிஸ்டரின் கணக்கில் நுழைந்தார்கள். ஆயிரத்து நூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். அவள் எழுதினாள்: ‘இந்த விடை தப்பு. கை வயர் மாறியிருக்கிறது.’

பதில்கள் மளமளவென்று வந்தன. ‘கேள்வி அக்காவுக்கே பாடமா?’ ‘ஆன்ட்டி, நீங்க ஊசி போடுற வேலையைப் பாருங்க.’

‘நான்தான் கேள்வி அக்கா’ என்று எழுதினாள்.

‘அப்ப நான் சுகாதார மந்திரி’ என்றான் ஒருவன். அதற்கு எழுபது சிரிப்பு.

“உங்களுக்கு நல்ல படை இருக்கு டாக்டர்” என்று போனை வாங்கிக்கொண்டார் சிஸ்டர். முகத்தில் சிரிப்பில்லை.

வார்டு வேலை விட்டதும் அறுவை அரங்கத்தின் வாசலுக்கு ஓடினாள். பன்னிரண்டு ஐம்பது. உள்ளே போய்வந்த நர்ஸிடம் சொல்லியனுப்பினாள். நர்ஸ் முகமூடிக்குள் சிரித்தபடி திரும்பினார்.

“குடுக்க மாட்டாங்களாம். அழுதாலும் குடுக்கக் கூடாதுன்னு நீங்களே சொன்னீங்களாமே?”

“ஐயோ, இது அந்த மாதிரி இல்ல சிஸ்டர்!”

“அப்படியும் சொல்வீங்கன்னு சொன்னாங்க.”

கேஸ் ஷீட்டின் ஓரத்தைக் கிழித்து எழுதினாள்: ‘தப்பான விடை போட்டுட்டேன். ரெண்டு மணிக்குப் பசங்களுக்குப் பரீட்சை.’ நர்ஸ் தாளை எடுத்துப்போய், தையல் போட்டுக்கொண்டிருந்தவள் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஒன்று இருபத்தைந்துக்கு எண் வந்தது. கூடவே ஒரு சேதியும்: “லூசு, முதல்லயே இதைச் சொல்லியனுப்ப வேண்டியதுதானே!”

திறந்ததும் கட்டைவிரல் தானாக நீக்கும் பொத்தானுக்குத்தான் போனது. அழுத்தினால் இந்த அவமானம் மறைந்துவிடும். ஆனால் சேமித்தவர்களில் படம் பிடித்து வைத்தவர்கள் அதையே படித்துக்கொண்டு உள்ளே போவார்கள். விரலை இழுத்துக்கொண்டாள். அதே தாளின் மேல் சிவப்பில் ‘இது என் தவறு’ என்று எழுதி, சிறுக்காத அலைகளை வட்டமிட்டு, பக்கத்தின் உச்சியில் ஏற்றினாள். ‘கீழே ரோஜாப்பூ படம் போட்ட சிஸ்டர் கணக்கில் வந்ததே சரி. அவர்தான் மறுபடி எடுத்துக் கண்டுபிடித்தவர்’ என்று சேர்த்தாள்.

அதன்பின் திருத்தத்தைப் பகிர்ந்தவர்களின் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது பேர். நூற்றைம்பது. ஒன்று ஐம்பதுக்கு முந்நூற்று நாற்பது. ஆயிரத்து நூறு எங்கே, இது எங்கே. இந்நேரம் தேர்வறை வாசலில் போன்களை வாங்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டும் போலிருந்தது.

வார்டுக்குத் திரும்பியபோது சிஸ்டர் மேசையில் தன் போனைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“சாரி சிஸ்டர். உங்களைப் போய்…”

“என்னைத் திட்டினது அறுபத்திரண்டு பேர். எண்ணிட்டேன்” என்றார். “இப்ப மன்னிப்புக் கேட்டது மூணு பேர். மந்திரி உட்பட.”

“எப்ப கேட்டாங்க?” அவள் பாய்ந்து போய்த் திரையைப் பார்த்தாள்.

ஒன்று நாற்பத்தெட்டு. மூன்று பேரும் தேர்வுக்கு முன்னால் பார்த்துவிட்டார்கள். மிச்சம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள இனி வழியில்லை. எட்டாம் படுக்கைக்குப் புதிதாக வந்தவருக்கு ஈசிஜி எடுக்கச் சொல்லிக் குரல் வந்தது. இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனவள், வயர்களை மாட்டிவிட்டு, இடது கை எது, வலது கை எது என்று மூன்று முறை சரிபார்த்தாள்.