முப்பது விநாடிக்கு எத்தனை பந்து

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அக்கா ஓர் ஆராய்ச்சியில் இறங்கினாள். அப்போது அவள் ஜேசியில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில், அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பாடம் படிப்பவர்களுக்குக் கண்ணும் கையும் ஒன்றுக்கொன்று நன்றாக ஒத்துழைக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். ஒரு கையால் டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. முப்பது விநாடிக்கு எத்தனை என்று எண்ணுவது என் வேலை.

இடம், சிங்கப்பூரின் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம். பந்து விளையாடக் கூடாது என்ற பலகைக்கு நேர் எதிரே. "இது விளையாட்டு இல்ல, ரிசர்ச்," என்றாள் அக்கா.

அவளுடைய வகுப்புத் தோழிகள் வந்தார்கள். பிறகு இலக்கியம் படிப்பவர்கள். பதினெட்டு, பதினைந்து, இருபத்தொன்று. கடைசியாக அண்ணன் தன் சமையல் வகுப்பு நண்பர்கள் நால்வரைக் கூட்டிவந்தான். அவன் அக்காவுக்கு ஒரு வயது மூத்தவன். கணக்கில் தேறாமல் தொழிற்கல்விக்குப் போனவன். அப்பா தேக்கா சந்தையில் யாரைப் பார்த்தாலும், "பொண்ணு ஜேசில சயின்ஸ்," என்பார். மகனைப் பற்றிக் கேட்டால், "அவனும் படிக்கிறான்," என்று சொல்லிவிட்டுக் கீரைக்கட்டைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்.

அண்ணன் முப்பத்தாறு பிடித்தான். அக்கா நம்பவில்லை, மறுபடி எறியச் சொன்னாள். முப்பத்தேழு.

"தெனமும் ஒரு மூட்டை வெங்காயம் நறுக்கினா நீயும் புடிப்ப லா," என்றான்.

அப்போதுதான் தூணருகே அப்பா நிற்பதைப் பார்த்தேன். ஜூரோங்கில் வேலை முடிந்து வந்தவர், தோளில் மாட்டிய பையோடு எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ. அண்ணன் பந்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அப்பா கையை நீட்டினார். பந்து பறிபோகப் போகிறது என்று நினைத்தேன். அவரோ பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் எறிந்தார். பந்து அவர் தோளைத் தாண்டி ஓடியது. எடுத்துவந்து எறிந்தார், மறுபடியும் ஓடியது. முப்பது விநாடிக்கு மூன்று. நான் சத்தமாகவே எண்ணினேன்.

"எப்படிடா புடிக்கிற? காட்டு," என்றார் அண்ணனிடம்.

அண்ணன் ஓடிப்போன பந்தை எடுத்துவந்து அவர் கையில் வைத்தான். பிறகு, "முழங்கால கொஞ்சம் மடக்குங்கப்பா. பந்து செவத்துல படும்போதே கைய ரெடியா வச்சுக்கணும்," என்றான். அப்பா மடக்கினார். அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவைத்தான்.

நண்பர்கள் போனார்கள். அக்காவும் நோட்டை மூடிவிட்டாள். அவர்கள் இருவரும் நிறுத்துவதாக இல்லை. எனக்கோ பசி. மேலே போய் அம்மாவிடம் புகார் சொன்னேன்: அப்பாவுக்குப் பந்து பிடிக்கவே வரவில்லை, அண்ணனிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்னன்னு கேட்டாரு?"

சொன்னேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். வார்த்தை மாறாமல் சொன்னேன்.

"சரி, மெதுவா வரட்டும்," என்று எனக்கு மட்டும் தட்டு வைத்தாள். அப்பா தோற்றதில் அவளுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று விளங்காமலே நான் சாப்பிட்டு முடித்தேன்.