நான் பார்க்காத ஊரின் வானிலை

வளைகுடா நாடு ஒன்றில், குதைபியா என்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஓர் அமெரிக்கக் கால்பந்து கிளப்பின் பேஜில் ரசிகர்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை.

அந்த ஊர்க்காரன் மாதிரியே பேச வேண்டும் என்பது ஆபீஸ் விதி. அதனால் அங்கத்திய வானிலையைப் போனில் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். "இன்னைக்கு நம்ம ஊர்ல செம குளிர், மேட்சுக்கு ஸ்வெட்டரோட வாங்க!"

ஃப்ராங்க் என்று ஒரு பெரியவர். மூன்று வருடமாகத் தவறாமல் எழுதுவார். டீம் தோற்ற நாட்களில் எனக்கே ஆறுதல் சொல்வார்.

இன்று அவர் கணக்கிலிருந்து அவருடைய மகள் எழுதியிருந்தார். "அப்பா இறந்துவிட்டார். நீங்கள் பக்கத்துத் தெருவில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார். நாளை அடக்கம். வருவீர்களா?"

எங்கள் டீம் லீடர் நிர்மலா அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இரங்கல் மெசேஜ் ஒண்டு ரெடியாக் கிடக்கு. அதைப் போட்டுவிடும், கலாஸ், அலுவல் முடிஞ்சுது."

அந்த மெசேஜின் அடியில் அடுத்த மேட்சுக்கான டிக்கெட் லிங்க் இருக்கிறது. அனுப்ப மனசு வரவில்லை. வழக்கம்போலப் போனில் பார்த்தேன்; நாளை அங்கே மழை.

நீங்களே சொல்லுங்கள். "நாளைக்கு நம்ம ஊர்ல மழை, குடையோட போங்க" என்று எழுதலாமா?