பிடித்தம்

என் அக்காவுக்கு அரசு மருத்துவமனையின் மாவுக்கட்டு அறையில் வேலை. டாக்டர் எலும்பை நேராக்கிக் கட்டுப் போடுவார். கட்டு இறுகும்வரை கையோ காலோ அசையாமல் அக்கா பிடித்துக்கொள்வாள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். வலியில் துடிக்கிறவன் உதைப்பான், கடிப்பான், பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். "திட்டுப்பா, நல்லாத் திட்டு. காலை மட்டும் ஆட்டாதே" என்பாள். முன்கையில் பல் தடம் இல்லாமல் நான் அவளைப் பார்த்ததில்லை. மாமா வேலை பார்த்த ஆலை மூடிய பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில்தான்.

அந்த வருஷம் அரசாங்கத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. வரவை மீறிச் செலவாகிறதாம். பற்றாக்குறையைப் பாதியாக்கப் போகிறார்களாம். இத்தனை நாள் வாரி இறைத்தது யார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு சிக்கனக் குழுவைப் போட்டார்கள். சிக்கனம் பார்க்க வந்த புண்ணியவான்கள் ஆளுக்கொரு காரில் வந்து இறங்கினார்கள். அறை வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற அதிகாரி, "உங்களுக்கு என்னம்மா வேலை?" என்று கேட்டார்.

"பிடிக்கிறதுதான் சார்."

கூட வந்த குமாஸ்தா 'பிடித்தம்' என்று குறித்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த ஒரே பிடித்தம் சம்பளத்தில் பிடிப்பது.

உத்தரவு வந்தது. பிடித்தங்களை இனிக் கணினியே பார்த்துக்கொள்ளும் என்பதால் அக்கா 'உபரி ஊழியர்' ஆகிவிட்டாள். அணை நிரம்பினால் திறந்துவிடும் தண்ணீரைத்தான் உபரி என்று நான் கேட்டிருக்கிறேன். நாட்டில் எல்லாம் பற்றாக்குறை, என் அக்கா மட்டும் உபரி! காறித் துப்பினேன்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் முறையிட்டோம். அவர் தப்பை ஒப்புக்கொண்டார், சிரிக்கக்கூடச் செய்தார்.

"தப்புதாம்மா. ஆனா உங்க சம்பளத்த மிச்சம்னு மேலே காட்டிட்டாங்களே. உங்களத் திரும்ப எடுத்தா குறைஞ்ச பற்றாக்குறை மறுபடி ஏறிடும். இனிமே நோயாளியோட சொந்தக்காரங்களே பிடிக்கட்டும்னு சொல்லியிருக்காங்க. அது சரிப்படலைன்னா நான் உங்களுக்காக எழுதுறேன்."

ஆக, எங்களுக்கு மிஞ்சியது ஒரே நம்பிக்கை: அக்கா இல்லாமல் அந்த அறை நாறவேண்டும். நாறியது. மகனின் காலைப் பிடித்த தகப்பன் மயங்கி விழுந்தான். பையனின் கால் கோணலாகவே இறுகிவிட்டது என்று கேள்விப்பட்டு நான் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். ஒரு சின்னப்பிள்ளையின் கால் கோணியதற்கு ஒரு மனுஷனைச் சந்தோஷப்பட வைத்தார்களே, பாவிகள்!

பிறகு என் மகள் மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அத்தை என்ற முறையில் அக்கா உள்ளே போய்ப் பிடித்தாள். கட்டு அச்சாக அமைந்தது. வரிசையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்களுக்கும் வந்து பிடிக்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள்.

"சொந்தக்காரங்க மட்டுந்தான் உள்ளே" என்றான் காவலாளி.

"இது எங்க அக்காங்க" என்றார் தாத்தா வயதுள்ள ஒருவர்.

"எனக்குச் சித்தி" என்றது இன்னொரு குரல்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு மறுபடி உள்ளே போகக் கிளம்பினாள். நான் மறித்தேன். "உனக்கென்ன பைத்தியமா? நீ சும்மா பிடிச்சுக் குடுத்தா, ஆளில்லாமலே நடக்குதுன்னு எழுதிடுவான். அப்புறம் ஜென்மத்துக்கும் வேலை கிடைக்காது."

"எழுதட்டும்டா. அதுக்காக ஊர்ப் பிள்ளைங்க நொண்டணுமா?"

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும்.

அதே அதிகாரி மறுபடி பார்வையிட வந்தார். முதல் தடவை முகத்தைப் பார்த்திருந்தால்தானே அடையாளம் தெரியும்? "நீங்க யாரும்மா?" என்றார். அக்கா வாயைத் திறக்குமுன், கட்டிலில் கிடந்த பையன் முந்திக்கொண்டான். "எங்க அக்கா."

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா? ஆளே போடாம எவ்வளவு அருமையா நடக்குது! எல்லா அறைக்கும் இதையே கொண்டுவந்துடலாம்."

கண்காணிப்பாளர் அக்காவைத் தெரிந்தவர்தான். தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். த்தூ.

சில நாள் கழித்து அக்காவுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். தையல் போடும் அறையில் விளக்குப் பிடிக்கிற பெண் கையில் ஓர் உத்தரவோடு வாசலில் வந்து நின்றாள். கல்யாணமாகி வருஷம்கூட ஆகாதவள்.

"அக்கா, நாளையிலேருந்து நானும் சொந்தக்காரிதான்" என்றாள்.

அத்தனை கடி வாங்கியும் கலங்காத அக்கா அழுதாள். பிடித்திருந்த காலை மட்டும் விடவில்லை.