மூன்றெழுத்துப் பெயருக்கு ஒரு விருத்தம்

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் ஓர் அச்சகத்துக்குக் கல்யாண வாழ்த்து மடல் எழுதிப் பிழைத்தேன். கவிஞன் என்று சொல்லிக்கொள்வேன், மனைவி சிரிப்பாள். மணமகள் பெயர் மூன்றெழுத்தா, ஒரு விருத்தம். நான்கெழுத்தா, இன்னொன்று. கோத்த அச்செழுத்தைப் பிரிக்காமல் கட்டியே வைத்திருப்போம். பெயரை மட்டும் மாற்றினால் புது வாழ்த்து தயார்.

நெடுங்காட்டில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்ட மடல்களை நானே கட்டாக எடுத்துப் போனேன். சாப்பாட்டு ஆசைதான். மாப்பிள்ளை வீட்டுக் கூடத்திலேயே கல்யாணம். முதல் மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டாள், இது இரண்டாம் கல்யாணம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

தாலி கட்டி முடிந்தது. தற்செயலாகச் சுவரைப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் முதல் கல்யாணத்துக்கு நான் எழுதிய வாழ்த்து. நான் கொண்டுவந்த மடலிலும் அதே எட்டு வரி. பெண்ணின் பெயர்தான் வேறு. சட்டம் மணவறைக்கு நேரெதிரே இருந்தது. செத்தவளுக்குச் சொன்னதையே தனக்கும் சொல்கிறார்கள் என்று இந்தப் பெண் மாலையும் கழுத்துமாக, ஊர் முன்னால் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் வாழ்த்தை வாசிக்கக் கை நீட்டினார். "குடுங்க சார், நான் படிக்கிறேன்."

"எழுதுனவன் நான். நானே படிக்கிறேங்க," என்றேன்.

தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அதில் இல்லாததையெல்லாம் சொன்னேன். தளை தட்டியது. நாலு வரி தாண்டியதும் எதுகை கிடைக்காமல் இருமி நேரம் கடத்தினேன். எப்படியோ முடித்தேன், கைதட்டினார்கள். அச்சில் பிழை விழுந்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று மடல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு சாப்பிடாமலே பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் புருஷனோடு அச்சகத்துக்கே வந்து நின்றாள். "அன்னைக்குப் படிச்சீங்கல்ல, அத அச்சடிச்சுக் குடுங்க."

எனக்கு ஒரு வரிகூட நினைவில்லை. அவள் தரையைப் பார்த்தபடி, நான் இருமிய இடம் வரைக்கும் பிசகாமல் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

"மிச்சம் மறந்துபோச்சுங்க. நீங்களே போட்டுருங்களேன். உங்களுக்குக் கைவந்த வேலைதான?"

உண்மைதான். இன்னும் நாலு வரி இட்டு நிரப்ப எனக்கு நாலு நிமிஷம் போதும். வெட்கமாக இருந்தது. பேனாவை மூடிவைத்தேன்.

"இவ்வளவுதாம்மா," என்றேன்.

தாளின் கீழ்ப்பாதியை வெறுமையாக விட்டே அச்சடித்துக் கொடுத்தோம்.