தலை சொட்டும், தரை நனையாது

என் மனைவி சகாயசெல்வி ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பாள். காலில் சக்கரமா கட்டியிருக்கிறது என்று நான் கத்துவேன். நின்றால் யோசனை வந்துவிடும் என்பாள்.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர் அவள். நான் ரொனால்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கருகின மோட்டார்களுக்குப் புதுக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். தொண்ணூற்று நான்கில் மதுரையில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தாள். கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் வரும் ஆவிகளைப் பற்றிய ஆராய்ச்சியாம். இங்கே இருக்கிற பேய் போதாதென்று கிரேக்கத்துப் பேய் வேறா என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

அவள் சொன்னது இதுதான். அந்த நாடகங்களில் சாவு மேடையில் நடக்காது. எவனாவது ஓடிவந்து வாயால்தான் சொல்வான். பார்த்தவர்கள் கதையை மறப்பார்கள், அரசன் பேரையும் மறப்பார்கள். செத்த அரசன் கல்லறையிலிருந்து எழுந்து பேசியதை மட்டும் மறக்கமாட்டார்கள். மற்றபடி அவன் நம்மைப் போலத்தான் கோபப்படுகிறான், பிள்ளையைத் திட்டுகிறான். ஒன்றே ஒன்று மட்டும் நடக்கமுடியாதது. அந்த ஒன்றுதான் மனசில் கொக்கி போடும். எட்டுக் கை, நெருப்பு மூச்சு, பறக்கிற கால் என்று அடுக்கிக்கொண்டே போனால் ஒன்றும் தங்காது.

இது வெறும் ஏட்டுப்பேச்சா, நிஜமா என்று அவளுக்குப் பார்த்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் என் ஸ்கூட்டரில் ஏறிக்கொள்வாள். பூ மார்க்கெட், டீக்கடை என்று போய் கிரேக்கக் கதையை நம் பாஷையில் சொல்வாள். அடுத்த மாதம் அதே ஆட்களிடம் போய் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்பாள். என் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு இப்படித்தான் ஆறிப்போனது.

எதற்கு இந்த ஓட்டம் என்று எனக்குத் தெரியும். நிலக்கோட்டை ரோட்டில் அவள் பிறந்த ஊர். அங்கே பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு தோட்டக் கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவள் தங்கை அமலராணி தண்ணீர் இறைக்கப் போய் அதில் வழுக்கி விழுந்து செத்தாள். கல்லூரி ஹாஸ்டலில் இருந்த செல்விக்கும் எவனோ ஒருவன் வந்து வாயால்தான் சொன்னான்.

சில வருஷத்தில் ஊர் அமலராணியைப் பேயாக்கிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் நிற்பாளாம். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டுமாம், தரை மட்டும் நனையாதாம். அவ்வளவுதான். யார் மகள், என்ன பேர், ஒன்றும் மிச்சமில்லை. என் கொழுந்தியாளை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது, எனக்கே பொறுக்கவில்லை. செல்விக்கு எப்படி இருந்திருக்கும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்டாப் டீக்கடையில் கிரேக்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு நேராகவே சொன்னாள். அது பேயில்லை, என் தங்கச்சி, பேர் அமலராணி, பி.காம். படித்தாள். முன்பல் உடைந்திருக்கும், அதனால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சனிக்கிழமையானால் நான் வருகிற பஸ்ஸுக்கு இங்கேதான் காத்துக்கொண்டு நிற்பாள். கடைக்காரர் தங்கமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் போய்க் கேட்டாள். தங்கமுத்து டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"யாரோ படிச்ச புள்ளைன்னு சொன்னீகம்மா. பேரு நெனவில்ல. ஆனா தல சொட்டும், தர நனையாது. அது மட்டும் நெசம்."

திரும்பும் வழியெல்லாம் செல்வி என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். அவள் ஆராய்ச்சி சொன்னதுதான் நடந்திருக்கிறது. அதற்காகச் சந்தோஷப்படவா முடியும்?

அதற்கடுத்த ஞாயிறு அதே கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"முந்தாநாள் சாயங்காலம் நானும் பாத்தேன்ணே. தல சொட்டுது, தர நனையல. ஆனா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. முன்னால ஒரு பல்லு ஒடஞ்சிருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கின வாய்! திரும்பும்போது வண்டியைப் பாதி வழியில் நிறுத்திச் சண்டை போட்டேன். படித்தவள் பேசுகிற பேச்சா இது, பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்றேன்.

"பொய்தான் சொன்னேன். பேயாவது என் தங்கச்சியா இருக்கட்டும்" என்றாள்.

அதை அவளே மதுரைக்குப் போய் நெறியாளரிடமும் சொன்னாள். ஆராய்ச்சி செய்கிறவளே கதையில் கையை வைத்துவிட்டால் அந்த ஊர்ப் பதில்கள் எதற்கும் ஆகாது, வேறு ஊரில் முதலிலிருந்து தொடங்கு என்று அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. இவள் தொடங்கவே இல்லை, பட்டம் அதோடு போயிற்று. அந்த ஊர்ப்பக்கம் போவதையும் விட்டாள். தான் சொன்ன பொய்யையும் மறந்திருப்பார்களோ என்று பயம். வேறு ஊருக்குப் போகும் பஸ் அந்த ஸ்டாப்பைத் தாண்டும்போதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். வீட்டில் நடை மட்டும் கூடிக்கொண்டே போனது.

இரண்டாயிரத்து மூன்றில் ரோட்டை அகலப்படுத்தும்போது கிணற்றை மூடினார்கள். செய்தி கேட்ட அன்று அவள் எதுவும் சாப்பிடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, காலேஜ் லீவில் ஒரு மத்தியானம் எனக்குச் சோறு கொண்டு கடைக்கு வந்தாள். தானும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வழக்கம்போல் அங்குமிங்கும் நடந்தாள். அந்த நேரம் கருகிப்போன மோட்டாரோடு மல்லிகைத் தோட்டக்காரி சண்முகவள்ளி வந்தாள், அந்த ஸ்டாப்புக்கு அடுத்த ஊர்க்காரி. புது ரோடு எப்படி இருக்கிறது என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தேன்.

"ரோடு நல்லாத்தேன் இருக்குண்ணே. கெணத்த மூடியும் அந்தப் புள்ள போகல பாருங்க."

எந்தப் பிள்ளை என்று கேட்டேன். பின்னால் செல்வியின் நடை நின்றது.

"தல சொட்டும், தர நனையாதுல்ல, அந்தப் புள்ள. பயமெல்லாம் இல்ல, பாவம். முன்பல்லு ஒடஞ்சிருக்கு, அதான் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும். சனிக்கெழம சனிக்கெழம வந்து நிக்கும். எங்கக்கா பஸ்ஸு வந்துருச்சான்னு கேக்கும்."

சனிக்கிழமையும் அக்காவும் செல்வி சொன்ன பொய்யில் கிடையாது. அதற்கு முன்னால் சொன்ன நிஜத்தில் இருந்தவை, ஊரே மறந்துவிட்டது என்று அவள் அழுதவை. செல்வி தட்டோடு ஒரு மோட்டார் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"கேட்டா நீங்க என்ன சொல்லுவீக?" என்றாள்.

"செத்த நேரம் நில்லு தாயி, ஒங்கக்கா வந்துருவான்னு சொல்லுவோம். வேறென்னத்தச் சொல்ல?"

"அப்படியே சொல்லுங்க. அக்கா வந்துட்டான்னு மட்டும் சொல்லிப்புடாதீக. சொன்னா அந்தப் புள்ள போயிரும்."

சண்முகவள்ளி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். செல்வி உட்கார்ந்தபடியே ஆறின சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள்.