வெள்ளைத் தூள் மட்டும் விழணும்

காலி டேங்குக்குள் உட்கார்ந்தால் பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறும். நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும்...

எட்டாம் வகுப்பு லீவு. எங்கள் தெருவில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும், அதுவும் ஒரு மணி நேரம். அன்று சாயங்காலம் தண்ணீர் வரும் நாள். அதற்குள் மொட்டைமாடி டேங்கைக் கழுவிவைத்து அம்மாவிடம் நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று, மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

அடியில் அழுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பிளக். ஒழுகக் கூடாதே என்று பைப் ரெஞ்சால் இறுக்கினேன்.

டக்.

பிளக்கின் தலை கையோடு வந்துவிட்டது. திருகு மரை உள்ள பகுதி மட்டும் வளையம் மாதிரி உள்ளேயே மாட்டிக்கொண்டது. அப்பா அச்சகத்தில் இருந்தார். எதிர்வீட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காதர் மாமாவிடம் ஓடினேன்.

மாமா வந்து பார்த்தார். "வருசம் பூரா சாப்பிட்ட சோத்தோட பலம் அம்புட்டையும் இதுலயா காட்டுன?" என்றார். ஸ்குரூ டிரைவரைச் சூடுபண்ணி அந்த வளையத்தில் குத்தினால் உருகிப் பிடித்துக்கொள்ளும், திருகி எடுத்துவிடலாம் என்றார். அடுப்படியிலிருந்து மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது கேட் சத்தம் கேட்டது.

அம்மா. நாரணாபுரம் பட்டாசு கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளிப் பூச்சு மாதிரி மருந்து. சேலை மடிப்பிலும் அதுதான் இருக்கும். அவள் குளித்து முடிக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டோம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும்...

என்னைத் தேடி மாடிப்படியில் இரண்டு படி ஏறியவள், மேலே பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அண்ணே, அத அணைச்சிருங்க. நான் இன்னும் குளிக்கல."

மாமா விரலாலேயே திரியை நசுக்கினார்.

குளிக்கத் தண்ணீர் இல்லை. அம்மா குளிக்காமல் நெருப்பு இல்லை. பிளக் வராமல் டேங்க் நிறையாது. மூன்றுக்கும் காரணம் நான். அம்மா இறங்கிப்போய் வாசலில், வெயில் படாத ஓரமாக, எதையும் தொடாமல் நின்றாள்.

மாமா ஹேக்ஸா பிளேடை எடுத்து, ஒரு முனையில் துணியைச் சுற்றிக்கொண்டார். வளையத்தில் எதிரெதிரே இரண்டு வெட்டு போட வேண்டும். கொஞ்சம் ஆழமாகிவிட்டால் டேங்கின் மரையும் போச்சு, அப்புறம் எந்த பிளக்கும் நிற்காது. என்னை டார்ச்சோடு டேங்குக்குள் இறக்கிவிட்டார்.

"பிளக்கு வெள்ளை, டேங்கு கறுப்பு. வெள்ளைத் தூள் மட்டும் விழணும். கறுப்பு தெரிஞ்சா உடனே சொல்லு, தாயி."

கர்ர்... கர்ர்... வெள்ளை. வெள்ளை. நான் கண் சிமிட்டவே இல்லை. முதல் வெட்டு முடிந்தது. இரண்டாவது பாதியில் தெருக்குழாய் புஸ்ஸென்று காற்றை விடும் சத்தம். மாமாவின் கை வேகமானது.

மிளகுப் பொடியில் ஒரு துணுக்கு மாதிரி... கறுப்பு.

"மாமா, போதும்."

பிளேடு நின்றது. இரண்டு வெட்டுக்கும் குறுக்கே பட்டை உளியை வைத்து இடப்பக்கமாக மெதுவாகத் திருகினார். முதலில் அசையவில்லை. பிறகு வளையம் சுற்றிக்கொண்டே வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. கடையிலிருந்து கொண்டுவந்திருந்த புது பிளக்கைக் கையால் மட்டும் இறுக்கினார். ரெஞ்சை என் கண்ணிலேயே காட்டவில்லை.

முதல் குடம் அம்மாவுக்குப் போனது. டேங்க் பாதிதான் நிறைந்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று தூங்கியிருப்பேன்.

இப்போது பிளஸ் டூ படிக்கிறேன். டேங்கில் பித்தளை வால்வு வந்துவிட்டது, திருகினால் உடைவதில்லை. ஆனால் டேங்க் கழுவும் நாளில் முதல் வேலையாக ஒரு வாளி தண்ணீரைத் தனியே பிடித்து மூடிவைக்கிறேன். அப்பாகூட அதைத் தொட முடியாது. "மகாராணிக்கு வச்சிருக்காளாக்கும்" என்று அம்மா சிரிப்பாள்.

எனக்குச் சிரிப்பு வராது. அவள் தலை துவட்டிக்கொண்டே வெளியே வருகிற வரைக்கும் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருப்பேன்... உள்ளே யாரையும் விடாமல்.