அவர் பக்கத்துப் பற்கள்

எனக்கு எல்லாமே பீச்சாங்கைதான். சோறு பரிமாறினால் மாமியார் முகம் சுளிப்பார். கோயிலில் சிலுவை போடும்போது மட்டும் பயந்துகொண்டு வலக்கையைத் தூக்குவேன். இந்தக் கையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என் வீட்டுக்காரர்.

எண்பதுகளின் தொடக்கம். திருக்கனூர் மரவாடி முதலாளி ஒரு மிஷின் ரம்பம் வாங்கி அவரிடம் ஒப்படைத்திருந்தார். சுத்துக்கேணியில் எங்கள் வீட்டில்தான் அது இருக்கும். அதன் சங்கிலியில் பற்கள் ஒன்று வலம் பார்த்து, அடுத்தது இடம் பார்த்து, மாறி மாறி நிற்கும். உருண்டை அரத்தால் ஒவ்வொன்றாகத் தீட்ட வேண்டும். வலப் பற்களை அவர் அழகாகத் தீட்டுவார். இடப் பற்களுக்கு, ரம்பத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் அவர் கை வராது. ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் மழுங்கலாகவும் இருந்தால் ரம்பம் கோணிக்கொண்டு போகும். அதனால் இடப்பக்கம் என்னுடையது ஆயிற்று.

"ஊரே திட்டற கை, நமக்குச் சோறு போடுது பாருடி" என்பார். ஆனால் அவர் பக்கத்துப் பல் ஒன்றைக்கூட என்னைத் தொட விடமாட்டார். அந்த வீறாப்பு எனக்கும் பிடித்திருந்தது.

ஓர் ஐப்பசியில் என் பக்கத்தை முடித்துவிட்டு அரத்தை நீட்டினேன். உடம்பு கொதிக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிட்டார். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, புயலடித்த இரவில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. புயல் ஓய்ந்த காலையில் மாட்டுவண்டியில் படுக்கவைத்து வில்லியனூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஊர் எல்லையில் ஒரு புளியமரம் ரோட்டை அடைத்துக்கொண்டு விழுந்து கிடந்தது. இருபுறமும் வெள்ளம். மரத்தை அறுத்தால்தான் வழி.

கொழுந்தன் ஓடிப்போய் ரம்பத்தைக் கொண்டுவந்தான். பாதி மரம்கூட இறங்கவில்லை, வளைந்துபோய் இறுகிக்கொண்டது.

"அண்ணி, கோணிக்கினு போவுது! மாட்டிக்கிச்சி!"

அவர் பக்கம் தீட்டாமலே கிடந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டிக்குள் இருந்தவரும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"என் பக்கம் போடலயேடி. அரத்தக் குடு."

"நீ சும்மா படு மாமா. நான் போடறன்."

"என் பக்கம்டி அது."

அந்த நேரத்திலும் விட்டுக்கொடுக்காத மனுஷன். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கடப்பாரையால் நெம்பி ரம்பத்தை எடுத்து வண்டிக்குள் வைத்தார்கள். நான் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பல்லுக்கும் நிறுத்தி மூச்சு வாங்கி வாங்கித் தீட்டினார். பிறகு ஒரு பல்லில் அரம் அப்படியே நின்றது. அவர் தலை என் தோளில் சாய்ந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.

"ஆச்சா அண்ணி?" என்று கொழுந்தன் வெளியிலிருந்து கேட்டான்.

அவர் விரல்களைப் பிரித்து அரத்தை எடுத்தேன். மீதிப் பற்களை, பழகாத என் வலக்கையால், அவர் தீட்டுகிற மாதிரியே தீட்டி முடித்து ரம்பத்தை வெளியே நீட்டினேன்.

இந்த முறை நூல் பிடித்த மாதிரி அறுத்தது. மரத்தைப் புரட்டித் தள்ளி வழிவிட்டார்கள். நான் வண்டியை வீட்டுக்குத் திருப்பச் சொன்னேன்.